சார், உங்க ஆயுதம்!

இருபது வயதில் எனக்குக் கத்தி என்றால் அது ராம்பூரிதான். சினிமா வில்லன் பட்டனைத் தட்ட, 'சடக்'கென்று பாயுமே, அது! அப்பா சட்டைப்பையில் வைத்திருந்த இரண்டரை அங்குலப் பேனாக் கத்தியைப் பார்த்து, "இதுல வெண்டைக்காய்கூட நறுக்க முடியாதுப்பா" என்று கிண்டலடித்திருக்கிறேன். (இறகுப் பேனாவைச் சீவப் பயன்பட்டதால் வந்த பேராம் அது!)

இப்போது எனக்கு நாற்பத்தெட்டு. ஓசூர் சிப்காட்டில் உத்தியோகம். கத்தி என் பையில். கம்பெனி கேட்டில் செக்யூரிட்டி தினமும் வாங்கி டிராயரில் போட்டுவிட்டு, சாயங்காலம் "சார், உங்க ஆயுதம்!" என்று நீட்டுவார்.

போன ஜூனில் ஒரு ஞாயிற்றுக்கிழமை கிருஷ்ணகிரிக்கு பஸ் ஏறினேன். ஐம்பது கிலோமீட்டர். சூளகிரி தாண்டி, கிருஷ்ணகிரி நெருங்க நெருங்க ரோட்டோரம் மாம்பழக் குவியல். இந்தப் பக்கம் அதிகம் விளைவது பெங்களூரா. கிளிமூக்கு என்பார்களே, அதேதான். கூழ் ஃபாக்டரிகளுக்கு லாரி லாரியாகப் போகும். இறங்கி, காய்வெட்டாக ஒன்று வாங்கி, மரத்தடியில் நின்று நறுக்கினேன். அப்பாவின் கத்தி எவர்சில்வர் இல்லை, பழைய எஃகு. புளிப்பு பட்டதும் அலகில் கறுப்பு படிந்தது. கறுப்பு கெடுதல் இல்லை. ஈரத்தோடு மடக்கினால்தான் துரு. ராத்திரி தவறாமல் அப்பா அதைத் துடைத்துத் தேங்காய் எண்ணெய் தடவுவார். கஞ்சத்தனம் என்று நினைத்திருந்தேன்.

பழக்காரப் பெரியவர் கத்தியை வாங்கிக் கட்டைவிரலில் கூர் பார்த்தார்.

"சாணை பிடிச்சே பாதி அலகு தேஞ்சிருக்கு. யாருதுங்க?"

"அப்பாவோடது."

"இருக்காரா?"

இல்லையென்று தலையாட்டினேன். இன்னொரு காயை அவரே நறுக்கி, மிளகாய்ப்பொடி தூவிக் கொடுத்தார். அதற்குக் காசு வாங்கவில்லை. கத்தியை வேட்டி நுனியில் துடைத்து, மடக்கித் தந்தார்.