மாத்திரையை ஏன் நிறுத்தினேன், ஏன் விடமாட்டேன்



புற்றுக்கட்டிக்காகத் தைராய்டை முழுதாக எடுத்த பிறகு, கதிரியக்க அயோடின் கொடுக்கும் முன் 4 வாரம் தைராக்சின் மாத்திரையை நிறுத்தச் சொன்னார் டாக்டர். ராயபுரத்து மே வெயிலிலும் எனக்குக் குளிர், சோர்வு. கடைசி 2 வாரம் காசிமேட்டு மீனும் அயோடின் உப்பும் கூடாது.

காரணம் இதுதான். பிட்யூட்டரி சுரக்கும் டி.எஸ்.எச். பள்ளிக்கூட மணி மாதிரி. நல்ல தைராய்டு செல், மெல்ல அடித்தாலே அயோடினை இழுக்கும். புற்று செல்லுக்குக் காது மந்தம். மாத்திரை நின்றால் டி.எஸ்.எச். 30-க்கு மேல் ஏறும். அந்தப் பலத்த மணிக்குத்தான் அது அயோடினை வாங்கிச் சாகும்.

ஆனால் அதே மணி அந்த செல்லை வளர்க்கவும் செய்யும். அதனால் இப்போது மணியை அடக்க தினமும் மாத்திரை.

"நல்லாத்தானே இருக்கீங்க, எதுக்கு டீச்சர் மாத்திரை?" என்றவர்களுக்கு இதுவே பதில். டாக்டர் சொல்லாமல் யாரும் நிறுத்தாதீர்கள்.