மரத்தடி ஆபத்தானது

கைப்பேசியில் செயலிகள் குவிந்து கிடக்கின்றன. அன்றாடம் கைகொடுப்பவை சிலவே. 2015-இல் வந்த டிஜிலாக்கர் இருந்தால் ஓட்டுநர் உரிமத்தைப் பையில் வைத்துக் கசக்க வேண்டாம். அதில் காட்டும் உரிமமும் அசலுக்குச் சமம்தான். 2016 டிசம்பர் 30-இல் அறிமுகமான பீம் இருந்தால் கடைக்காரருடன் சில்லறைத் தகராறு இல்லை. இவை மிச்சப்படுத்துவது நேரத்தை.

'தாமினி' உயிரையே காக்கும். பெயருக்கு மின்னல் என்று பொருள். புனேயிலுள்ள இந்திய வெப்பமண்டல வானிலை ஆய்வு நிறுவனம் உருவாக்கிய இலவசச் செயலி இது. நாடெங்கும் நிறுவியுள்ள கருவிகள் மின்னலைக் கண்டறிகின்றன. 20, 40 கிலோமீட்டர் சுற்றளவுக்குள் ஆபத்து என்றால் கைப்பேசிக்கு எச்சரிக்கை வரும். இருப்பிடம் காட்டும் வசதியை அணைத்துவிட்டால் பயனில்லை.

2022-இல் மட்டும் மின்னல் தாக்கி 2,887 பேர் இறந்ததாகத் தேசியக் குற்ற ஆவணக் காப்பகம் கூறுகிறது. வயலில் வேலை செய்பவர்களுக்கும், மழைக்கு மரத்தடியில் ஒதுங்குபவர்களுக்கும்தான் ஆபத்து அதிகம். வெளியூரில் வேலை பார்ப்பவர்கள் அடுத்தமுறை ஊருக்குப் போகும்போது அப்பாவின் கைப்பேசியிலும் தாமினியை ஏற்றித் தரலாம். எச்சரிக்கை வந்தால் மரத்தடிக்கு அல்ல, வீட்டுக்கு வந்துவிட வேண்டும் என்பதையும் சொல்லித் தர வேண்டும்.