ஜமுனாமரத்தூர் மலைப்பாதை சொல்லித்தரும் சாலைப் பாடம்!

திருவண்ணாமலை மாவட்டம் போளூரிலிருந்து ஜவ்வாதுமலைக்கு ஏறும் பேருந்தில் ஜன்னலோர இருக்கை கிடைத்தால் அதிர்ஷ்டம்தான். ஒரு பக்கம் காடு, மறுபக்கம் பள்ளத்தாக்கு. இரண்டையும் ரசித்த பிறகு, பேருந்து ஓடும் சாலையையும் கொஞ்சம் பார்க்கலாம். அதற்குள் ஒரு பாடமே இருக்கிறது.

மலைச்சாலை ஏன் நேராக ஏறாமல் சுற்றிச் சுற்றிப் போகிறது? காரணம், ‘கிரேடியன்ட்’ எனப்படும் சரிவு விகிதம். மலைப்பகுதிகளில் பொதுவாக 20 மீட்டர் தூரத்துக்கு ஒரு மீட்டர் உயரம் என்பதே கணக்கு. அப்படியானால், 500 மீட்டர் உயரம் ஏற 10 கி.மீ. சாலை வேண்டும். அந்த நீளத்தை மலைச்சரிவுக்குள் மடித்து வைப்பதுதான் கொண்டை ஊசி வளைவு.

வளைவில் சாலையின் வெளிவிளிம்பு சற்று உயர்ந்திருக்கும். இது ‘சூப்பர் எலிவேஷன்’. திரும்பும் வண்டி வெளிப்பக்கம் தள்ளப்படுவதைச் சமாளிக்கும் ஏற்பாடு. நேரான சாலையில் நடுப்பகுதி மேடாக, இரு ஓரமும் தாழ்வாக இருக்கும். அது ‘கேம்பர்’, மழைநீர் தேங்காமல் வழிந்தோட.

மண் சரியாமல் தாங்கி நிற்பது தடுப்புச்சுவர். அதில் வரிசையாகத் தெரியும் ஓட்டைகள் ‘வீப் ஹோல்’. மண்ணுக்குள் ஊறும் நீர் அவற்றின் வழியே வெளியேறும். ஓட்டை அடைத்துக்கொண்டால், பின்னால் தேங்கும் நீரே சுவரைத் தள்ளிச் சாய்த்துவிடும்.

ஓடைகளைக் கடக்கும் இடங்களில், 6 மீட்டர் நீளம் வரை இருந்தால் ‘கல்வெர்ட்’. அதற்கு மேல் 60 மீட்டர் வரை சிறிய பாலம். அதையும் தாண்டினால் பெரிய பாலம். பாலத்தின் இரு முனைகளையும் கரையில் தாங்குவது ‘அபட்மென்ட்’, இடையில் நிற்கும் தூண் ‘பியர்’. வெள்ளம் வந்தால் மேலேயே தண்ணீர் ஓடும்படி தாழ்வாகக் கட்டுவது தரைப்பாலம். செலவு குறைவு, ஆனால், வெள்ளம் வடியும்வரை அக்கரை அக்கரையாகவே இருக்கும்.

ஜமுனாமரத்தூரில் இறங்கினால் பீமன் அருவி, கோமுட்டேரி, மலைத்தேன், சாமை அரிசி எல்லாம் காத்திருக்கின்றன. ஆலங்காயம் வழியாக இறங்கினால் காவலூர் வைணு பாப்பு வானாய்வகம் வரும். 2.34 மீட்டர் விட்டமுள்ள தொலைநோக்கி அங்கே இருக்கிறது.

சுற்றுலா வருபவருக்குச் சாலை ஒரு வசதி. மலைவாழ் மக்களுக்கோ அது உயிர். 2023 மே மாதம், இதே மலைத்தொடரின் வேலூர்ப் பக்கம் உள்ள அல்லேரி மலையில் ஒன்றரை வயதுக் குழந்தையைப் பாம்பு கடித்தது. ஒழுங்கான சாலை இல்லாததால் மருத்துவமனைக்குப் போய்ச்சேரத் தாமதமாகி, குழந்தை இறந்துபோனது. உடலை ஏற்றிவந்த வாகனமும் மலையேற முடியாமல் நின்றுவிட, மீதி தூரம் தாயே சுமந்து நடந்தார். தமிழகத்தையே உலுக்கிய செய்தி அது. அந்த ஊருக்கு அப்போது தேவைப்பட்டதெல்லாம் ஓர் ஆம்புலன்ஸ் ஏறும் அளவுக்கு ஒரு சாலைதான்.

சொந்த வண்டியில் போகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. குறுகலான இடத்தில், இறங்கும் வண்டிதான் ஏறும் வண்டிக்கு வழிவிட வேண்டும், இது விதி. இறங்கும்போது வண்டியை நியூட்ரலில் விடாதீர்கள்; குறைந்த கியரிலேயே இறங்குங்கள். வளைவுக்கு முன் ஹாரன் அடியுங்கள். எதிரே வருவது ஒரு கர்ப்பிணியை ஏற்றிவரும் ஆம்புலன்ஸாகவும் இருக்கலாம்.