முன்சில்லுச் சத்தம்

மொறிஸ் மைனரின் முன்சில்லைத் தாங்குவது நிமிர்ந்து நிற்கும் ஓர் இரும்புத் தண்டு. கராஜில் அதைக் கிங்பின் என்பார்கள். அதன் அடிமுனையில் மரை வெட்டியிருக்கும். அந்த மரையில், உள்ளங்கைக்குள் அடங்கக்கூடிய ஓர் இரும்புக் கட்டி திருகியிருக்கும். அதுதான் கீழ் மூட்டு. ஸ்ரியறிங்கை ஒடிக்கும்போது தண்டு அந்த மூட்டுக்குள் மயிரிழை ஏறும், மயிரிழை இறங்கும். காரின் அந்த மூலைப் பாரம் முழுவதும் அந்த மரைகளில்தான் குந்தியிருக்கிறது. கிறீஸ் இருக்கும்வரை ஒரு குறையுமில்லை. கிறீஸ் காய்ந்து மரை தேய்ந்தால் ஒருநாள் தண்டு மூட்டை விட்டுக் கழன்றுவிடும். சில்லு மட்காட்டுக்குள் மடங்கிச் சரிய, முன்னங்கால் மடித்த மாடு போல கார் படுத்துவிடும். பெரும்பாலும் வேகமாக ஓடும்போது இது நடப்பதில்லை. கேற்றுக்குள் திருப்பும்போதோ, சந்தியில் ஸ்ரியறிங்கை முழுக்க ஒடிக்கும்போதோதான் நடக்கும். அந்த அளவில் அது நல்ல மனமுள்ள கார்.

படுப்பதற்கு முன் அது சொல்லிவிட்டுத்தான் படுக்கும். குழியில் இறங்கி ஏறும்போது ஒரு 'டொக்'. பிறேக் பிடிக்கும்போது இன்னொன்று. எங்கள் வீட்டில் அந்தச் சத்தம் கேட்காத காது கிடையாது. அம்மாவுக்குக்கூடத் தெரியும். "முன்னுக்கு இடப்பக்கம் என்னவோ கதைக்குது" என்பா.

அப்பா தபால் அதிபராக இருந்து ஓய்வு பெற்றவர். எங்கள் கார் கண்ணாடி நடுவில் பிரிந்த பழைய மாதிரி, 803 சிசி எஞ்சின். கதவுத் தூணிலிருந்து கைகாட்டி எழும்பும். நம்பர் பிளேற்றில் இங்கிலீஷ் எழுத்து. 1957இல் சிங்கள ஸ்ரீ எழுத்து வருவதற்கு முந்தியது. பிறகு தமிழர் பகுதிகளில் ஸ்ரீயின் மீது தார் பூசிய கதையைச் சொல்லும்போதெல்லாம், தன் காருக்கு அந்த வில்லங்கமே வரவில்லை என்பதில் அப்பாவுக்கு ஒரு சின்னப் பெருமை.

இந்தக் காரை வடிவமைத்தவர் அலெக் இசிகோனிஸ். பிறகு மினியைச் செய்தவரும் அவர்தான். 1948 ஒக்ரோபரில் லண்டன் ஏர்ல்ஸ் கோர்ட் கண்காட்சியில் மைனர் முதன்முதலாக மேடையேறியது. அதற்குக் கொஞ்ச நாள் முன்னர்தான், கார் ஒடுக்கமாகத் தெரிகிறது என்று மாதிரியை நெடுக்காக இரண்டாக அறுத்து, பாதிகளை விலக்கி வைத்துப் பார்த்து, நாலு அங்குலம் அகட்டினாராம். கம்பனி முதலாளி நஃபீல்ட் பிரபுவுக்கு அதன் முகமே பிடிக்கவில்லை. உடைத்து ஊற்றி அவித்த முட்டை என்று பழித்தார். அந்த முட்டை பதினாறு இலட்சத்துக்கு மேல் விற்றது. முன்சில்லுக்குச் சுருள்வில் கிடையாது. அடித்தட்டின் கீழ் நீளவாக்கில் ஓடும் ஓர் உருக்குக் கம்பி முறுக்கிக்கொண்டு பாரத்தைத் தாங்கும். ஓட்டச் சுகம் என்றால் அதுதான். காங்கேசன்துறை வீதியில் அப்பா ஓட்டும்போது, பின்சீற்றில் இருக்கும் எனக்கு வளைவு வந்ததே தெரியாது.

யாழ்ப்பாணத்தில் எங்கள் ஊரான சுன்னாகத்துச் செம்மண் அந்தக் காருக்குச் சத்துரு. கோடையில் மாவாய்ப் பறந்து மூட்டுக்குள் புகும். மாரியில் சேறாகி அங்கேயே இறுகிவிடும். கிறீசோடு செம்மண் சேர்ந்தால் அது கிறீஸ் அல்ல, அரைக்கிற பசை. அதனால் ஞாயிற்றுக்கிழமை காலைகளில் பழைய சாக்கை விரித்துப் படுத்து, கிறீஸ் கன்னை நிப்பிளில் கொளுவி அமுக்குவது என் வேலை. அப்பா மட்காட்டில் கையூன்றி நின்று பார்ப்பார்.

"கறுப்பு முழுக்க வரட்டும். பிறகு மஞ்சள் வரோணும்."

"வந்திட்டுது அப்பா."

"காணாது. இன்னும் அடி."

மூட்டின் ஓரத்தால் கறுத்த பழங்கிறீஸ் புழுவாய் நெளிந்து வெளியேறும். பின்னாலே புதுக்கிறீஸ், தேன் நிறத்தில். அந்த மணத்தை நான் இன்று எந்தக் கடையிலும் வாங்க முடியாது. கிறீஸ் கிடைக்கும். செம்மண்ணும் கோடாப் புகையிலையும் அப்பாவின் வியர்வையும் கலந்தது கிடைக்காது.

1990க்குப் பிறகு, போரோடு பொருளாதாரத் தடை வந்தது. பெற்றோல் இல்லை, பட்டறி இல்லை, உதிரிப்பாகம் இல்லை, மின்சாரமும் இல்லை. புதுசாக வந்த யப்பான் கார்கள் கிடுகு மூடி ஓய்ந்தன. அப்போதுதான் எங்கள் ஊரில் கிழட்டுக் கார்களுக்கு மறுவாழ்வு வந்தது. ஒஸ்ரின் சோமசெற்றும் கேம்பிரிட்ஜும் மொறிஸும் அமுக்கம் குறைந்த எஞ்சின் உள்ளவை, மண்ணெண்ணெயில் ஓடும். ஸ்ராட் எடுப்பதற்கு மட்டும் காபரேற்றருக்குள் சொட்டுப் பெற்றோல் வேண்டும். சலைன் போத்தலிலிருந்து குழாய் விட்டுச் சொட்டவிடுவார்கள். சூடு ஏறியதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றிவிடுவார்கள். பின்னால் வெள்ளைப் புகை, எல்லோருக்கும் கண் எரியும். அந்தப் புகைக்குள்ளால்தான் எங்கள் ஒழுங்கையின் பிள்ளைத்தாய்ச்சிகள் பெரியாஸ்பத்திரிக்குப் போய்ச் சேர்ந்தார்கள். கிறீசுக்கும் தட்டுப்பாடு. கழித்த எஞ்சின் ஒயிலைத்தான் மூட்டுக்கு ஊற்றினோம். ஒயில் நிற்காது, வடிந்துவிடும். அப்படித்தான் இடப்பக்க மூட்டு கதைக்கத் தொடங்கியது.

கராஜ்காரர் வந்து காரை ஜக்கில் ஏற்றினார். சில்லை மேலும் கீழுமாகப் பிடித்து ஆட்டினார். என்னையும் பிடிக்கச் சொன்னார். "தம்பி, கண்ணால பாராதை. கையில பார்." ஆட்டும்போது உள்ளே ஏதோ இடிபடுவது மணிக்கட்டு வரை வந்தது. இன்னொரு மழைக்கு இது தாங்காது என்றார்.

மானிப்பாயில் உடைத்துப் போட்ட ஒரு மைனர் இருந்தது. அதில் நல்ல மூட்டு ஒன்றும் இருந்தது. சைக்கிளில் போய்க் கழற்றிவந்து பார்த்தால் அது வலப்பக்கத்தது. இரண்டு பக்கத்துக்கும் மரை எதிரெதிர்த் திசை. ஒன்றை ஒன்றுக்கு மாற்ற வழியில்லை. அப்பா வாய்திறக்கவில்லை. வெற்றிலையை மடித்தபடி கராஜ்காரர், "பரவாயில்லை ஐயா, கடைவம்" என்றார்.

கொக்குவிலில் ஒரு கடைச்சல் பட்டறை. கரண்ட் இல்லாததால், தோட்டத்துக்கு நீர் இறைக்கும் மெசின் ஒன்றுக்குப் பட்டி போட்டு லேத்தை ஓட்டினார்கள். தேய்ந்த மூட்டின் மரையை முழுவதும் குடைந்தெடுத்து, அந்த ஓட்டைக்குள் ஒரு வெண்கல உருளையை இறுக்கி, அதற்குள் புதுமரை வெட்டுவது யோசனை. வெண்கலம் எங்கே? ஒரு வள்ளத்தின் தேய்ந்த அச்சுப் புஷ் வந்து சேர்ந்தது, பருத்தித்துறைப் பக்கமிருந்து. கடைச்சல்காரர் பல்சக்கரங்களைக் கழற்றி மாற்றினார். கிங்பின்னைத் துடைத்து, மரைக்கு மரை பொருத்திப் பார்த்து, கொஞ்சம் கடைந்து, திரும்பப் பொருத்தி, திரும்பக் கடைந்தார். வெண்கலச் சீவல்கள் சுருள் சுருளாக விழுந்தன. இந்த வேலைக்கு அளவுகோல் அவரிடம் இருந்திருக்கலாம். நான் பார்த்தவரை அவர் நம்பியது பெருவிரலைத்தான்.

பூட்டுவது இன்னொரு கலை. முறுக்குக் கம்பியின் விசை, மூட்டைத் தாங்கும் கீழ்க்கையில் எப்போதும் நிற்கும். கையைத் தாங்காமல் மூட்டைக் கழற்றினால் அது அறைந்தே விடும். ஆகவே கீழ்க்கைக்கு ஒரு ஜக், காருக்கு ஒரு பனங்குற்றி. கராஜ்காரர் முன்பாதிக் கையைக் கழற்றி, முன்னால் இழுத்துப் பிடிக்கிற கம்பியை விடுவித்து, மூட்டின் ஊடாணியைத் தட்டி எடுத்தார். தண்டின் அடிமுனை அந்தரத்தில் தொங்கியது. புதுமூட்டில் கிறீஸைக் குழைத்து அப்பி அதைத் திருகினார். முட்டும்வரை திருகிவிட்டு, ஊடாணித் துளை நேருக்கு வரும்வரை பின்னுக்கு விட்டார். ஒரு சுற்றுக்குள்தான் பின்னுக்கு வரலாம். அதற்கு மேல் விட்டால் சில மரைகளுக்குப் பாரம் போகாது. விடாமல் இறுக்கிப் பூட்டினால், ஸ்ரியறிங் ஒருபக்கம் ஒடியாது. இதைச் செய்துகொண்டே எனக்குச் சொன்னார். அன்று அவர் சொன்ன மாதிரி எனக்கு யாரும் பௌதிகம் படிப்பித்ததில்லை. சாதாரண தரத்தில் விஞ்ஞானத்துக்கு எனக்கு வந்த பெறுபேற்றைப் பற்றி இங்கே பேச வேண்டாம்.

மாலையில் அப்பா காரை ஒழுங்கைக்குள் எடுத்து இடமும் வலமும் முழுக்க ஒடித்தார். சத்தமில்லை. கராஜ்காரர் கூலியாகப் பாதியைத்தான் வாங்கினார். மிச்சத்துக்குப் பதிலாக, அவரின் அக்காவின் மகள் கல்யாணத்துக்கு எங்கள் கார் மாப்பிள்ளைக் காராக ஓடியது. மண்ணெண்ணெய் மணத்தை அடக்க அம்மா டிக்கிக்குள் மல்லிகைச் சரம் தொங்கவிட்டா. மணம் அடங்கவில்லை.

அந்த மூட்டு 1995 ஒக்ரோபர் 30 இரவையும் கண்டது. இராணுவம் நெருங்கி வர, வலிகாமம் முழுவதும் மழைக்குள் நாவற்குழிப் பாலத்தை நோக்கி ஊர்ந்த இரவு. பாலத்தடியில் நடக்கிறவனை முந்தாமல், நிற்பதும் உருளுவதும் ஒடிப்பதுமாக விடியவிடியப் போனோம். கூரையில் பாய், பெட்டி, தையல் மெசின். உள்ளே எட்டுப் பத்துப் பேர். கீழ் மூட்டுக்கு அதைவிட மோசமான பயணம் அமையாது. டொக் என்று ஒருதரம்கூடக் கேட்கவில்லை. அப்பா அந்த இரவைப் பற்றி எப்போதாவது பேசினால் அந்த வெண்கலத்தைப் பற்றித்தான் பேசுவார். மற்றதைப் பேசமாட்டார்.

மீசாலையில் உறவினர் வளவொன்றின் மாமரத்தடியில் காரை விட்டோம். 1996இல் திரும்பி ஊருக்கு நடந்தபோது பட்டறி செத்திருந்தது. பிறகு வந்து எடுப்போம் என்றோம். 2000இல் சாவகச்சேரிச் சண்டையோடு வளவும் மாமரமும் காரும் இல்லை. அதற்குள் நான் லண்டனில்.

இங்கே மொறிஸ் மைனர் ஒரு செல்லப்பிராணி. 2018இலிருந்து, நாற்பது வயது கடந்து பெரிதாக மாற்றம் செய்யாத காருக்கு வருடாந்தப் பரிசோதனைகூடக் கட்டாயமில்லை. வீதி வரியும் இல்லை. இடப்பக்க மூட்டு, வலப்பக்க மூட்டு என்று தனித்தனிப் பெட்டியில் தபாலில் வருகிறது, றப்பர் வளையம், வாசருடன். ஒரு வேடிக்கையும் உண்டு. பாத் நகரில் மைனருக்கென்றே நிலையம் நடத்திய சார்ல்ஸ் வெயர், 1990களில் இலங்கையில்தான் உதிரிப்பாகங்களைச் செய்வித்து இங்கே இறக்கினார். அதே வருடங்களில் தீவின் மறுமுனையில் நாங்கள் வள்ளத்துப் புஷ்ஷைத் தேடிக்கொண்டிருந்தோம்.

என் தெருவில் ஒருவர் பச்சை நிற மைனர் வைத்திருக்கிறார். அருமையான மனுசன். கோடையில் மட்டும் எடுப்பார், மழை பெய்தால் போர்வை. போன வருடம் அவர் கீழ் மூட்டு மாற்றியபோது கூப்பிடாமலே போய் நின்றேன். கையுறை போட்டிருந்தார். திருகும் விசைக்கு அளவுக்கருவி வைத்திருந்தார். எல்லாம் முறைப்படி, ஒரு மத்தியானத்துக்குள் முடிந்தது. சில்லை ஆட்டிப் பார்க்கலாமா என்று கேட்டேன். பார் என்றார். மேலும் கீழும் பிடித்துக் கண்ணை மூடினேன். நல்ல வேலை, குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் அந்தக் காரில் யாரும் பிள்ளைப்பேற்றுக்குப் போகப்போவதில்லை. அது பழுதானால் ஒழுங்கை முழுவதும் கவலைப்படப் போவதுமில்லை.

"உங்களுக்கு அவ்வளவு ஆசையென்றால் ஒன்று வாங்குங்களேன்" என்கிறா மனைவி. வாங்கலாம், காசு பிரச்சினை இல்லை. மகனிடம் கிறீஸ் கன்னைக் கொடுத்தால் அவன் காணொளி பார்த்து என்னைவிடத் துப்புரவாக அடிப்பான். காணாது, இன்னும் அடி என்று நான் சொன்னால், எவ்வளவு அடிக்க வேண்டும் என்று புத்தகத்தில் இருக்கிறதே அப்பா என்பான்.