நான்கு வயலின்களில் ஒரு கதனகுதூகலம்

யாழ்ப்பாணத்திலிருந்து பருத்தித்துறை பஸ்ஸில் வல்லை வெளியைக் கடந்து நெல்லியடியில் இறங்கினேன். அங்கிருந்து வல்வெட்டித்துறைப் பக்கம் சற்றுத் தூரம் போனால் உடுப்பிட்டி. வயலின் டீச்சர் ஒருவரின் வீட்டு விறாந்தையில் பாய் விரித்து நான்கு பிள்ளைகள் அமர்ந்திருந்தார்கள். வட இலங்கைச் சங்கீத சபைப் பரீட்சைக்காகத் தனித்தனியே வாசித்துப் பழகியவர்கள். அன்று நால்வரும் சேர்ந்து ஒரே கீர்த்தனையை வாசித்தார்கள்; ஆனால் ஆளுக்கு ஒரு பங்கு.

நம் ஊரில் நாலு வயலின் சேர்ந்தால் நாலும் ஒரே ஸ்வரத்தைத்தான் வாசிக்கும். இந்த டீச்சர் அதை மாற்றுகிறார். சதுரக்கோட்டுக் கொப்பியில் தாளத்துக்கு அளவாகக் கட்டம் பிரித்து, ஒன்றின் கீழ் ஒன்றாக நான்கு வரி ஸ்வரம் எழுதுகிறார். மேல் வரி கீர்த்தனை. மற்ற மூன்றும் அவர் கட்டியவை. பென்சிலால்தான் எழுதுகிறார், பிள்ளைகள் வாசிக்கக் கேட்டபின் பாதி அழிந்துவிடுகிறது.

எடுத்துக்கொண்டது பட்டணம் சுப்பிரமணிய ஐயரின் ‘ரகுவம்ச சுதாம்புதி’. ஏன் இது என்று கேட்டேன். அதன் ராகமான கதனகுதூகலத்தின் ஆரோகணத்தை மெல்ல வாசித்துக் காட்டினார்: ஸ ரி ம த நி க ப ஸ. நிஷாதத்திலிருந்து காந்தாரத்துக்கு இறங்கி, பஞ்சமம் தொட்டு மேலே தாவும் வக்கிர நடை. பிறகு மூன்று பிள்ளைகளிடம் ரி, ம, த மூன்றையும் ஒரே நேரத்தில் பிடிக்கச் சொன்னார். மூன்றும் இழைந்து ஒலித்தன. அடுத்து நி, க, ப. அதுவும் அப்படியே. மேலைநாட்டு இசையில் ‘கோர்ட்’ என்கிற ஸ்வரக்கூட்டு இரண்டு, இந்த ராகத்தின் ஏறுவரிசைக்குள்ளேயே அடுத்தடுத்துக் கிடக்கிறது. அசைவு குறைந்த ராகம் என்பதால், பிடித்த ஸ்வரத்தோடு மற்றது மோதுவதும் இல்லை.

“அப்ப தோடியிலை ஏலாதோ டீச்சர்?” என்று ஒரு பிள்ளை கேட்டாள். டீச்சர் வாயால் பதில் சொல்லவில்லை. தோடியின் காந்தாரத்தை வாசித்தார். ரிஷபத்தையும் மத்தியமத்தையும் தொட்டு ஊசலாடுகிற ஸ்வரம் அது. அதே நேரத்தில் அவளைக் காந்தாரத்தை நேராகப் பிடிக்கச் சொன்னார். காது கூசியது. “அது ஓரிடத்திலை நிக்கிற ஸ்வரமில்லைப் பிள்ளை. அதுக்குக் கீழை ஸட்ஜத்தையும் பஞ்சமத்தையும் மட்டும் பிடிச்சுக்கொண்டு பேசாமல் இருக்கவேணும்” என்றார். எந்தக் கீர்த்தனை துணைக்குரலை ஏற்கும், எது ஏற்காது என்று கேட்டறிவதுதான் இந்த வேலையின் முதல் படி. இப்படி ஊசலாடும் கமகத்தை நறுக்கி நேராக்கினால் நான்கு குரலும் சுகமாகப் பொருந்திவிடும், ராகம் போய்விடும்.

இரண்டு வயலின், ஒரு வியோலா, ஒரு செல்லோ என்ற நால்வர் அமைப்பு 18ஆம் நூற்றாண்டில் ஹைடன் கையில் உருப்பெற்றது. அதில் கர்நாடகக் கீர்த்தனைகளை அமைத்துக் காட்டியவர் சென்னையின் வி.எஸ். நரசிம்மன், இளையராஜாவின் ‘ஹவ் டு நேம் இட்’ தொகுப்பில் வயலின் வாசித்தவர். 1993இல் ‘மெட்ராஸ் ஸ்ட்ரிங் குவார்டெட்’ குழுவைத் தொடங்கினார். முதல் வயலின் கமகத்தோடு கீர்த்தனையை வாசிக்க, மற்ற மூவரும் தமக்கு எழுதப்பட்ட பங்கை வாசிப்பது அவர்கள் முறை. டீச்சரும் அதையே பின்பற்றுகிறார்.

ஆனால் இங்கே வியோலாவும் இல்லை, செல்லோவும் இல்லை. ஆகவே முதல் வயலின் மத்திய, தார ஸ்தாயிகளை எடுத்துக்கொள்கிறது. மற்ற மூன்றும் மந்தரத்துக்கு இறங்குகின்றன. நாலாவது வயலின் தடித்த தந்திகள் இரண்டையும் விரல் வைக்காமல் நீண்ட வில்லில் இழுக்கிறது. வேகமான சிட்டை ஸ்வரம் வந்ததும் நடுவில் உள்ள இருவரும் வில்லை மடியில் வைத்து, தந்தியை விரலால் சுண்டுகிறார்கள். முதல் வயலினின் ஒவ்வொரு ஸ்வரமும் அப்போது துலக்கமாகக் கேட்டது. “தம்பி, சத்தத்தைக் குறையும். அவவின்ரை வில்லைப் பாத்து வாசியும்” என்று மட்டும் சொன்னார் டீச்சர்.

யாழ்ப்பாணத்துக்கு இது அந்நியமான வழி இல்லை. வி. லட்சுமிநாராயணா இங்கே இருந்து வயலின் கற்பித்தவர். அவருடைய மக்கள் வைத்தியநாதன், சுப்பிரமணியம், சங்கர் மூவரும் வயலினோடு வளர்ந்தார்கள். 1958 இனக்கலவரத்தின் பின் அந்தக் குடும்பம் சென்னைக்குப் போயிற்று. வயலின் முதல் டபுள் பாஸ் வரையான ஒலிகளை ஒன்றாக அடக்கிய பத்துத் தந்தி இரட்டை வயலினைப் பிற்காலத்தில் உருவாக்கியவர் சங்கர். அந்த ஒரு வீட்டோடு இந்த மண்ணை விட்டு எவ்வளவு போயிற்று என்பதை எண்ணினால் மனம் கனக்கிறது.

இந்தக் கொப்பிகள் டீச்சரின் அலுமாரியில் மட்டும் இருக்கக்கூடாது. பரீட்சைப் பாடத்திட்டத்தில் கூட்டு வாசிப்புக்கு ஓர் இடமும், இப்படிக் கட்டிய பங்குகளுக்கு ஓர் அச்சுப் புத்தகமும் வேண்டும். வெளிநாட்டிலிருந்து நம்மவர்கள் கோயிலுக்கும் பாடசாலைக்கும் அள்ளிக் கொடுக்கிறார்கள்; இந்த வடமராட்சிப் பிள்ளைகளுக்கு ஒரு செல்லோவும், அதைக் கற்பிக்க ஓர் ஆளும் தரலாம். பங்குகளைக் கட்டிக்கொடுக்க ஆள் இங்கே ஏற்கெனவே இருக்கிறார்.