ஜான் என்று கூப்பிடு

என் அம்மா ஒருநாளும் அப்பாவின் பெயரைச் சொன்னதில்லை. ரேஷன் கடையில் "குடும்பத் தலைவர் பேரு?" என்று கேட்டால் என் முதுகில் மெல்லத் தட்டுவார். நான்தான் சொல்ல வேண்டும். அந்த வீட்டில் வளர்ந்தவன், 2003 கோடையில் மினசோட்டா மாநிலத்தின் செயின்ட் கிளவுட் நகருக்கு வேலைக்கு வந்து சேர்ந்தேன்.

முதல் வாரமே சிக்கல். மேலாளரைப் பெயர் சொல்லிக் கூப்பிட வேண்டுமாம். 'சார்' என்றால் சிரித்தார்கள். கூப்பிடாமலே பேசும் வித்தை ஒன்றைக் கற்றுக்கொண்டேன். எதிராளி நம் பக்கம் திரும்பும்வரை நிற்பது, லேசாக இருமுவது. பக்கத்து வீட்டுப் பெரியவரிடமும் இதே இருமல்தான். எழுபதை நெருங்கிய ஓய்வுபெற்ற ஆசிரியர் அவர். "உனக்கு நாள்பட்ட சளியா?" என்று ஒருமுறை அக்கறையாகவே விசாரித்தார்.

செப்டம்பரில் ஒரு சனிக்கிழமை, தான் படித்த கல்லூரியின் ஆட்டத்துக்கு என்னை அழைத்துப் போனார். பக்கத்தில்தான், காலேஜ்வில். பெனடிக்டைன் துறவிகள் நடத்திவந்த செயின்ட் ஜான்ஸ் கல்லூரி. ஆண்களுக்கானது. காட்டு நடுவே ஒரு பள்ளம், அதன் அடியில் மைதானம், சரிவெல்லாம் மக்கள், சுற்றிலும் மரங்கள். இங்கே ஃபுட்பால் என்றால் காலால் உதைப்பது அரிது. நான்கு முயற்சிக்குள் பத்து கெஜம் முன்னேற வேண்டும், முடியாவிட்டால் பந்து எதிரணிக்கு. பந்து வைத்திருப்பவனை மடக்கிச் சாய்ப்பதைப் பார்த்ததும் எனக்குச் சடுகுடு நினைவு வந்தது. அதன்பிறகு ஆட்டம் புரிந்துவிட்டது.

புரியாதது வேறொன்று. மைதானத்தில் ஒரு அணிக்குப் பதினொரு பேர்தான். ஓரத்திலோ சிவப்புச் சட்டை போட்ட பையன்கள் நூற்றுக்கும் மேல். விளையாட வந்த யாரையும் இந்த அணி கழித்துக்கட்டுவதில்லை என்றார் பெரியவர். லட்சம் பேர் அமரும் அரங்குகளில் ஆடும் பெரிய கல்லூரிகளின் உலகம் வேறு. இது மூன்றாம் பிரிவு. ஆட்டத்துக்காக உதவித்தொகை ஒரு டாலர் கிடையாது. திங்கட்கிழமை எல்லோருக்கும் வகுப்பு உண்டு. "நானும் அங்கேதான் நின்றேன், நாலு வருஷம்" என்று ஓரத்தைக் காட்டினார். களத்தில் இறங்கிய நிமிடங்களை விரல்விட்டு எண்ணலாமாம். அதைச் சொன்னபோது அவர் குரலில் குறை எதுவும் இல்லை.

அந்தக் கூட்டத்தின் நடுவே ஒரு கிழவர். மீசை முளைக்காத ஒரு பையன் அவரைப் பார்த்து, "ஜான்!" என்று கத்தினான். எனக்குத் தூக்கிவாரிப்போட்டது.

ஜான் கல்யார்டி. 1953இலிருந்து இங்கே பயிற்சியாளர். 'கோச்' என்று யாரும் கூப்பிடக் கூடாது என்பது அவர் விதி. விதிகள் பெரும்பாலும் 'வேண்டாம்' என்றுதான் இருக்கும். பயிற்சியில் ஒருவரையொருவர் தரையில் சாய்க்க வேண்டாம், விசில் வேண்டாம், வீண் தண்டால் வேண்டாம். இதற்கு வேர் 1943இல் இருக்கிறது. கொலராடோவில் அவர் படித்த பள்ளியின் பயிற்சியாளர் போருக்குப் போய்விட, பதினாறு வயது மாணவரான இவரே அணியைப் பார்த்துக்கொண்டார். ஆட்டக்காரனாகத் தனக்குப் பிடிக்காததையெல்லாம் முதல் வேலையாக நீக்கினார். கூட ஆடிய பையன்கள் அவரை வேறெப்படிக் கூப்பிட்டிருப்பார்கள்? ஜான் என்றுதான். அறுபது ஆண்டு கழித்தும் அந்தப் பெயர் அப்படியே நின்றுவிட்டது.

அந்த சீசனை அவர் 400 வெற்றிகளோடு தொடங்கியிருந்தார். கல்லூரி ஃபுட்பாலின் உச்சம், கிராம்ப்ளிங் கல்லூரியின் எடி ராபின்சன் வைத்திருந்த 408. சனிக்கு சனி ஒன்றாகக் கூடியது. மேப்பிள் இலைகள் சிவந்தன, உதிர்ந்தன. நான் முதல் கம்பளிக் கோட்டு வாங்கினேன். நவம்பர் 8இல் பெத்தெல் கல்லூரியோடு ஆட்டம். மூச்சுவிட்டால் புகை. சரிவில் கால் வைக்க இடமில்லை. 29-26. நாங்கள் ஜெயித்தோம், 409. 'நாங்கள்' என்று எப்போது சொல்லத் தொடங்கினேன் என்று தெரியவில்லை.

கூட்டம் கலைந்த நெரிசலில் பெரியவரைத் தவறவிட்டேன். எங்கும் சிவப்புத் தொப்பிகள். இருமினேன், யாருக்குக் கேட்கும்? "சார்!" என்று கத்தினால் பத்துப் பேர் திரும்புவார்கள், அல்லது யாருமே திரும்பமாட்டார்கள். வேறு வழியில்லாமல் அவர் பெயரைச் சொல்லிக் கத்தினேன். என் அப்பா வயதுள்ளவரை, வெறும் பெயரால். முப்பதடி தள்ளி ஒரு தொப்பி திரும்பியது. கையை உயர்த்தினார். கார் நிறுத்திய இடம்வரை அதைப் பற்றி இருவரும் பேசவில்லை.

டிசம்பர் 20 அன்று மூன்றாம் பிரிவின் இறுதி ஆட்டத்தை அவர் வீட்டு நிலவறையில் தொலைக்காட்சியில் பார்த்தோம். நடந்தது வர்ஜீனியா மாநிலத்துச் சேலத்தில். ஊர்ப் பெயரைக் கேட்டதும் எனக்கு மாம்பழம்தான் நினைவு வந்தது. எதிரே மவுண்ட் யூனியன், தொடர்ந்து 55 ஆட்டங்கள் தோற்காத அணி. 24-6 என்று ஜெயித்தோம். பதினான்கு ஆட்டம், பதினான்கு வெற்றி.

ஜான் 2012இல் 489 வெற்றிகளோடு ஓய்வுபெற்றார். 2018 அக்டோபரில், 91 வயதில் காலமானார். அன்று மாலை பெரியவர் வேலியருகே வந்து நின்றார். "ஜான் போய்விட்டார்" என்றார். ஆங்கிலத்தில் 'ஆர்' என்ற மரியாதை விகுதி கிடையாது. ஆனால் என் காதில் அப்படித்தான் விழுந்தது. அந்த 'ஆர்' முழுவதும் அவர் சொன்ன பெயருக்குள்ளேயே இருந்தது.

பெரியவரை இப்போது தினமும் பெயர் சொல்லித்தான் கூப்பிடுகிறேன். வாய் பழகிவிட்டது. தமிழில் எழுத உட்கார்ந்தால்தான் கை வர மறுக்கிறது. இந்தக் கட்டுரை முழுக்க அவரைப் 'பெரியவர்' என்றே எழுதியிருப்பதைக் கவனித்திருப்பீர்கள்.