பிஸ்கோத்துக்குப் பூச்சி மருந்து

வேலியில் போன ஓணானை எடுத்து வேட்டிக்குள் விட்டுக்கொண்டு, 'குத்துதே, குடையுதே' என்றானாம் ஒருத்தன். வெறும் பழமொழிதானே என்று அறுபத்தாறு வருஷம் அலட்சியமாக இருந்துவிட்டேன். நியூஜெர்சியில் மகள் வீட்டுக்குப் போனால், அந்த ஓணான் சோபாவில் உட்கார்ந்து என்னைப் பார்த்துக் கையை ஆட்டுகிறது!

நிஜமாகவே ஆட்டும் சார். 'நீ பெரியவன், நான் சின்னவன், என்னை விட்டுடு' என்று அதன் பாஷையில் அர்த்தமாம். பியர்டட் டிராகன் என்று பெயர். தாடி வைத்த டிராகன். கோபம் வந்தால் தாடி கறுத்துப் போகும். பூர்வீகம் ஆஸ்திரேலியா. அங்கேயிருந்து பிடித்து ஏற்றுமதி செய்ய அனுமதி கிடையாது. ஆக, இது பிறந்தது வளர்ந்தது எல்லாம் அமெரிக்காதான், என் பேரன் மாதிரி.

"தாத்தா, நம்ம ஊர் ஓணானும் இதுவும் ஒரே ஃபேமிலி, தெரியுமா? அகாமிடே!" என்றான் பத்து வயசுப் பேரன், ஏதோ சித்தப்பா மகனை அறிமுகப்படுத்துகிற தோரணையில். அவன் வைத்த பெயர் பிஸ்கட். என் மனைவி வாயில் அது பிஸ்கோத்து.

நாங்கள் போன மூணாவது வாரம் பிஸ்கோத்து சாப்பாட்டைக் குறைத்துக்கொண்டது. சாப்பாடு என்னவென்று கேட்டுவிடாதீர்கள். கரப்பான். கடையில் டப்பாவில் விற்கிறான். (கரப்பானை ஒழிக்கத்தான் நான் இதுவரை காசு செலவழித்திருக்கிறேன்.) வயிறு கழிந்தது. வால் ஆரம்பிக்கிற இடத்தில் எலும்பு தெரிந்தது. பேரன் தினமும் அதைத் தராசில் வைத்து நோட்டில் எழுதுவான். 450 கிராம் இருந்தது 410-க்கு வந்த அன்று, அவனும் சாப்பிடவில்லை.

எல்லா மிருக டாக்டரும் ஓணான் பார்க்க மாட்டார்களாம். பார்க்கிறவருக்குப் போன் போட்டால், "முதல்ல மலம் கொண்டு வாங்க. புதுசா இருக்கணும். இன்னிக்கே வர முடியலைன்னா ஃப்ரிட்ஜில் வைங்க" என்கிறார்.

ஃப்ரிட்ஜில்!

"என்னங்க, தோசை மாவுக்குப் பக்கத்துலயா?" என்று என் மனைவி கேட்ட குரலில், அடுத்த பிளேனுக்கு டிக்கெட் போட்டுவிடுவாளோ என்று பயந்தேன். மூணு பிளாஸ்டிக் கவர், ஒரு டப்பா, அதற்கு மேல் இன்னொரு டப்பா. அன்று ராத்திரி யாரும் மோர் கேட்கவில்லை.

மறுநாள் டாக்டரம்மா மைக்ராஸ்கோப்பில் காட்டினார். முட்டை முட்டையாகப் புழு முட்டை. நம்ம ஊரில் குழந்தைகளுக்கு வருமே கீரிப்பூச்சி, அந்த ஜாதி. "இந்தப் பிராணிகளுக்குக் கொஞ்சம் இருந்தால் பரவாயில்லை, மருந்தே தர மாட்டேன். இங்கே எண்ணிக்கையும் அதிகம், எடையும் குறையுது. அதனால்தான்" என்றார். நமக்கு ஒட்டிக்கொள்ளுமா என்று மனைவி கேட்கச் சொன்னாள். இந்தப் புழு ஒட்டாதாம். ஆனால் சால்மொனெல்லா கிருமி இருக்கலாம், தொட்டால் சோப்புப் போட்டுக் கை கழுவணும் என்றார்.

மருந்தின் பெயர் ஃபென்பெண்டசோல். நம் பள்ளிக்கூடங்களில் 2015-லிருந்து குடற்புழு நீக்க நாள் வைத்து அல்பெண்டசோல் மாத்திரை கொடுக்கிறார்களே, அதற்கு இது தம்பி முறை. புழுவைச் சத்து உறிஞ்ச விடாமல் பட்டினி போட்டுவிடும். அளவு கூடினால் ஓணானின் ரத்தத்தில் வெள்ளை அணுவைக் குறைத்துவிடுமாம். அதனால் எடை பார்த்து 0.2 மில்லி. இன்றைக்கு ஒன்று, பதினாலு நாள் கழித்து ஒன்று. மருந்து பாதி வேலைதான். எச்சத்தில் விழுகிற முட்டையை அதுவே மறுபடி முழுங்கினால் கதை முதலிலிருந்து ஆரம்பம். ஆகவே மணலை எடுத்துவிட்டுக் காகிதம் விரித்து, தினமும் மாற்றி, தண்ணிக் கிண்ணத்தைத் தேய்த்துக் கழுவி...

மருந்து கொடுக்கப் பேரனுக்குக் கை நடுங்கியது. மகளும் மாப்பிள்ளையும் ஆபீஸ். நான் பிடித்தேன். தாடியை விரலால் மெல்லக் கீழே இழுத்தால் வாய் திறக்கும். பிஸ்கோத்து வாயைத் திறந்தது. எனக்கு அப்படியே உள்ளே ஏதோ நின்றுவிட்டது.

இதே விரல்தான். புதுக்கோட்டைப் பக்கத்துக் கிராமம், எனக்கும் பத்து வயசு. ராமர் தாகத்துக்கு அணில் இளநீர் கொடுத்ததாம், ஓணான் மூத்திரம் கொடுத்ததாம். அந்தக் குற்றத்துக்குத் தண்டனை கொடுக்கிற பொறுப்பு எங்கள் தெருப் பையன்களுக்கு. ஈர்க்குச்சியில் சுருக்குப் போட்டுப் பிடிப்போம். வாயைப் பிளந்து தாத்தாவின் மூக்குப்பொடியைத் திணிப்போம். அது தலை கிறுகிறுத்து ஆடும். நாங்கள் கைதட்டுவோம்.

மருந்து உள்ளே போனதும் பேரனிடம் சொல்லிவிட்டேன். ஏன் சொன்னேன் என்று இன்னும் புரியவில்லை.

"செத்துப் போச்சா தாத்தா?"

"சிலது ஓடிடும். சிலது... அப்புறம் நாங்க பார்க்கலைடா."

அவன் ஒன்றும் பேசவில்லை. ராத்திரி பாட்டி பக்கத்தில் போய்ப் படுத்துக்கொண்டான். காலையில் கையுறையும் காகிதச் சுருளும் கொண்டுவந்து என் முன்னால் வைத்தான்.

"இனிமே கூண்டு நீதான் க்ளீன் பண்ணணும் தாத்தா. டெய்லி."

பண்ணினேன். இரண்டாவது டோஸ் முடிந்து மறுபடி சோதித்ததில், தேடிப் பிடிக்க வேண்டிய அளவுக்குத்தான் முட்டை இருந்தது. "சைபர் ஆகணும்னு அவசியமில்லை" என்றார் டாக்டரம்மா. பில்லைப் பார்த்து எனக்குத்தான் வயிறு கலங்கியது.

ஊருக்குக் கிளம்புகிற அன்று பேரன் நோட்டைக் காட்டினான். 441 கிராம். பக்கத்தில் 'கூண்டு' என்று தலைப்புப் போட்டு, தேதிவாரியாக 'தாத்தா', 'தாத்தா' என்று இங்கிலீஷில் எழுதியிருந்தான். நடுவில் ஒரு நாள் மட்டும் காலி. எனக்குக் காய்ச்சல் வந்த நாள்.

"அன்னிக்கு யாருடா பண்ணினா?"

"பாட்டி. பேர் போட வேண்டாம்னுட்டா."